ஈரத்துக்குக் கழித்தது

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா என் மடியில் இருந்த புத்தகத்தின் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க வானத்தப் பத்திப் படிக்கிறீங்களாமே. எம் மகளுக்கு இந்த வருசமாவது கல்யாணம் கூடி வருமா?" என்று கேட்டார்.

"அது ஜோசியம்மா. நான் படிக்கிறது வேற."

"வேறன்னா?"

கேட்கிறார்களே என்று சொல்ல ஆரம்பித்தேன். தூரத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றின் நடுவில், என்று நான் நடுவுக்கு வருவதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், "அப்ப கல்யாணத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாது?" என்றார். தெரியாது என்றேன். "பாவம், இம்புட்டுப் படிச்சும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ் முழுக்கச் சிரித்தது. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு என்று சொன்னால் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பரா, ஒரே அறை. அதில் நானும் அக்காவும். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காதான் கொழுந்து பறித்து என்னைக் கண்டிப் பக்கம் அனுப்பிப் பட்டம் படிக்க வைத்தாள். படித்து வந்து டீச்சராகிவிட்டேன், போதும் என்று லயமே நினைத்தது. எனக்குப் போதவில்லை. அதுதான் எல்லாருக்கும் பிரச்சினை.

நான் பிடித்துத் தொங்கிய பாடம் இதுதான். நம்முடைய பால்வெளியைப் போல விண்மீன் மண்டலங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. பெரும்பாலானவை சாது. சிலவற்றின் நடுவில் மட்டும், மண்டலத்தின் அளவோடு பார்த்தால் கடுகளவு இடத்தில், ஏதோ ஒன்று அத்தனை நட்சத்திரங்களையும் மங்க வைக்கிற மாதிரிக் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. அதைச் சுற்றிக் குளிர்ந்த வாயுவும் உண்டு. அந்த வாயுவில் என்னென்ன மூலக்கூறுகள் எவ்வளவு இருக்கின்றன, நடுவில் இருக்கும் கொதிப்பு அவற்றை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஓர் அலைவரிசையில் மெல்ல முனகும். பெரிய வானொலித் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் அந்த முனகல் தாளில் ஒரு கோடாக வந்து விழும். கோடு எங்கே மேடாக எழுகிறதோ அங்கே அந்த மூலக்கூறு இருக்கிறது. மேடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வாயு.

எனக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று காபனோரொட்சைட்டு, அடைத்த அறையில் கரி எரித்தால் ஆளைச் சாகடிக்கிற வாயு. மற்றது ஐதரசன் சயனைட்டு. அது என்ன என்று அக்கா கேட்டாள். சொன்னேன்.

"ரெண்டும் வெசமா?"

"ஆமாக்கா."

"இங்க தேயிலைக்கு அடிக்கிற வெசம் போதாதுன்னா அம்புட்டு தூரம் போயிப் பாக்கிற?"

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவரின் சிபாரிசில் ஐரோப்பாவில் ஒரு பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். அவரிடம் ஒக்டோபரில் ஓர் ஆராய்ச்சி மாணவர் இடம் காலியாக இருந்தது. ஒரே ஓர் இடம். பன்னிரண்டு மண்டலங்களின் தாள்களைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன், ஆறு கொதிப்பவை, ஆறு சாதுக்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாயுக்களின் மேடுகளையும் அளந்து, ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு என்று அட்டவணை போட்டு ஆகஸ்டுக்குள் அனுப்பு, வேலை ஒழுங்காக இருந்தால் இடம் உனக்கு என்று எழுதினார். கொதிப்பவைக்கும் சாதுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது தன்னுடைய எண்ணம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அதற்கு முந்தின வருடமே இன்னோர் ஊரில் இன்னோர் இடம் கிடைத்திருந்தது. என் தாத்தா காலத்திலிருந்து இதே மலையில் கிடக்கிற நாங்கள் எந்த நாட்டுக்காரர் என்று அரசாங்கக் கந்தோர்கள் கூடி முடிவு செய்து எனக்கு ஒரு பிரஜாவுரிமைக் கடுதாசி தருவதற்குள் அந்த இடம் போய்விட்டது. எனக்கு இருபத்தொன்பது வயது. இதுவும் போனால் அடுத்தது கிடையாது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

பொதி ஜூனில் வந்தது. கொழும்பிலேயே யாரோ கிழித்துப் பார்த்துவிட்டு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். தபால் கந்தோரில் இருந்த சிங்கள மாத்தயா அதை என்னிடம் தருவதற்கு முன் ஒரு தாளை உருவி, நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். மலைமலையாகக் கோடு. நாட்டில் சண்டை நடந்து காலம் கெட்டுக் கிடந்த நேரம், தமிழ்ப் பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து மலைகளின் படம் வருகிறது. "மேக்க மொகத்த மிஸ்?" என்றார். இது என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்வது? "அஹஸே கேஸ்" என்றேன், வானத்து வாயு. அவர் யோசித்துவிட்டு, கேஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டு, வாழ்த்தும் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு அவர் வீட்டு அடுப்புக்கு சிலிண்டர் எடுத்துத் தர முடியுமா என்று மூன்று தடவை கேட்டார்.

மேட்டின் பரப்பை அளக்கப் பேராசிரியரிடம் இயந்திரம் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என்னிடம் கணினியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் பழைய வழி ஒன்று உண்டு. மேட்டை பிளேடால் ஓரத்தோடு ஒட்டி வெட்டி எடுத்து, அந்தத் தாள் துண்டைத் தராசில் நிறுத்தால் போதும். ஒரே தாள் என்பதால் பரப்பு இரண்டு மடங்கென்றால் எடையும் இரண்டு மடங்கு. இரசாயனக்காரர்கள் காலங்காலமாகச் செய்து வந்த காரியம். பாடசாலை ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நல்ல தராசு இருந்தது. மில்லிகிராம் வரைக்கும் காட்டும்.

தராசு இருந்தது. சாவி அதிபரிடம் இருந்தது. அதிபர் எந்த நேரம் எங்கே இருப்பார் என்பதைக் கண்டுபிடிப்பதைவிட விண்மீன் மண்டலத்தின் நடுவைக் கண்டுபிடிப்பது சுலபம். சாவியை வாங்கினால், "பாத்து டீச்சர், அது வெளிநாட்டுச் சாமான்" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். ஏதோ நான் தராசில் ஏறி உட்காரப் போகிற மாதிரி. ஐந்து மில்லிகிராம் படிக்கல் ஒன்று காணாமல் போயிருந்தது. ஆய்வுகூட உதவியாளரைக் கேட்டேன். ஐம்பது வயது மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எதையும் தேடமாட்டார். அவர் பொறுப்பில் அந்தத் தராசு செய்துவந்த ஒரே வேலை, ஊரில் யாராவது புதுத் தோடு வாங்கினால் நகைக்கடைக்காரன் சொன்ன எடை சரியா என்று பார்ப்பது. நான் பாடசாலை விட்ட பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, தாள் துண்டைத் தட்டில் வைக்கிற நேரம் பார்த்துக் கதவைத் தட்டி, "டீச்சர், ஒரு சின்ன மூக்குத்தி" என்பார். என்னுடைய விண்மீன் மண்டலம் இறங்கி மூக்குத்திக்கு இடம் விடும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மழையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் வானம் என்று ஒன்று இருப்பதற்கு அடையாளமே கிடையாது. ஆய்வுகூடத்தில் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மட்டை வைத்து அடைத்திருந்தது. பனிமூட்டம் அந்த மட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து நிற்கும். தாள்களைத் தொட்டால் நமுத்துப் போன பப்படம் மாதிரி இருக்கும். திங்கட்கிழமை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது நிறுத்த துண்டை, செவ்வாய்க்கிழமை மழையில் மறுபடி வைத்தால் எடை கூடியிருந்தது. தாள் ஈரத்தைக் குடித்திருக்கிறது. அதே துண்டு, அதே தராசு, நேற்று ஒரு கணக்கு, இன்று ஒரு கணக்கு. கோபத்தில் அன்று உதவியாளரிடம் எரிந்து விழுந்தேன், அவரும் தலையாட்டினார்.

பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகச் செய்தது. ஒரு வெறும் தாள் துண்டை வெட்டி அடுப்பு வெக்கையில் நன்றாகக் காய வைத்து நிறுத்தேன், எண்பது மில்லிகிராம். அதையே மழையில் ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தேன், எண்பத்தைந்து. ஆக ஈரத்துக்கு ஐந்து. அன்றிலிருந்து மழை நாளில் எந்தத் துண்டை நிறுத்தாலும் ஐந்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதினேன்.

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இது விளக்கம் தேவையில்லாத விஷயம். பறித்த கொழுந்தை மடுவத்துக்கு, அதாவது நிறுக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கூடையைத் தராசில் மாட்டுவார்கள். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் நிற்கும். கணக்கப்பிள்ளை எடையைப் பார்ப்பார், "ஈரம், ரெண்டு" என்பார், ஆளுக்கு இரண்டு கிலோவைக் கழித்துவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதுவார். நான் நடக்கப் பழகியதே அந்தக் கொட்டகையில் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில்தான். ஈரமான எதையும் கழிக்காமல் நிறுக்கலாம் என்பது என் புத்தியில் ஏறாத காரியம். பட்டம் படித்தும் ஏறவில்லை.

ஜூலை நடுவில் அட்டவணை முடிந்தது. முடிவைப் பார்த்ததும் மனம் விட்டுப்போனது. சாதுக்களில் காபனோரொட்சைட்டு மேடு மற்றதைவிட ஏறக்குறையப் பதினொரு மடங்கு. கொதிப்பவற்றில் பத்துக்குச் சற்று மேலே. சொல்லும்படியாக எந்த வித்தியாசமும் இல்லை. நடுவில் அத்தனை கொதிப்பு இருந்தும் பக்கத்தில் இருக்கிற வாயு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறதா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் பேராசிரியர் நினைத்ததும் அதுதானே. சுத்தமாகப் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாத்தயா சிலிண்டரை நினைவுபடுத்தினார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பதில் வந்தது. வேலை நேர்த்தியாக இருக்கிறது, நான் எதிர்பார்த்தபடியே முடிவு வந்திருக்கிறது, இடம் உனக்குத்தான், இந்தப் படிவங்களை நிரப்பி அனுப்பு.

வாசலில் நின்றே அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், சொரசொரவென்று இருந்தன. பிறகு வெளியே போனாள். அரைமணி நேரத்தில் லயத்துக்கே தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அடுத்த தோட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. அக்கா நுவரெலியாவுக்குப் போய், யாரோ துரை வீட்டு அம்மா விட்டுப்போன ஒரு கம்பளிக் கோட்டை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். "ஒடம்பு வந்துரும், வச்சுக்க" என்றாள். நான் அவளோடு சண்டை போட்டேன். உண்மையில் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் போயிருக்கும். அன்று விடிந்ததிலிருந்து மழை. அக்காவுக்குக் கிடைத்த நிரை முழுக்கக் கிழட்டுத் தேயிலை, துளிர் விடாத செடிகள். சாயந்திரம் அவள் நனைந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மூலையில் எறிந்தாள்.

"அரப்பேரு போட்டுட்டான்."

அன்றைக்கு ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ வேண்டும். அதற்குக் குறைந்தால் முழுநாள் நின்றதற்கு அரைப்பேர், அரை நாள் ஆள் கணக்கு. அக்கா கொண்டுபோனது பதின்மூன்றரை. ஈரத்துக்கு இரண்டு போக பதினொன்றரை.

"பக்கத்து நெரக்காரி இருவத்து நாலு கிலோ கொண்டாந்தா. நல்ல செடி அவளுக்கு. அவளுக்கும் ரெண்டு. எனக்கும் ரெண்டு. ஏன்டி, அவ கூடையில இருக்கிற தண்ணி அம்புட்டும் என் கூடையிலயும் இருக்குமா? எங்கிட்ட இருந்ததே பாதிக் கொழுந்துதானே?"

இதை அவள் சொல்வது முதல் தடவை இல்லை. பத்துப் பதினைந்து வருடமாகச் சொல்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "ஆமாக்கா" என்பேன். அன்றும் படிவங்களை நிரப்பிக்கொண்டே, "ஆமாக்கா" என்றேன். அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"என்னடி ஆமாக்கா? நீதான கணக்குப் படிச்சவ. ஒரு தாள்ல எழுதிக் குடு. நாளைக்கி அவன் மூஞ்சில காட்டுறேன்."

சரி, எழுதித் தொலைக்கலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். இருபத்து நாலு கிலோ ஈரக்கொழுந்தில் இரண்டு கிலோ தண்ணீர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே மழையில் அதே நேரம் பறித்த பதின்மூன்றரைக்கும் பன்னிரண்டில் ஒரு பங்குதான், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. கழித்தால் பன்னிரண்டுக்கு மேல் நிற்கும், முழுப்பேர். எல்லாருக்கும் ஒரே இரண்டு என்று கழித்தால் நிறையக் கொண்டு வந்தவளுக்கு அது தண்ணீர். கொஞ்சம் கொண்டு வந்தவளுக்குப் போவது கொழுந்து.

இந்த வரியை முடிக்காமலே பேனாவைக் கீழே வைத்தேன்.

ஐந்து மில்லிகிராம். எண்பது மில்லிகிராம் துண்டு குடித்த தண்ணீர் ஐந்து. அதை நான் எல்லாத் துண்டுகளிலும் கழித்திருக்கிறேன். கொதிக்கிற மண்டலங்கள் ரொம்பத் தூரத்தில் இருப்பவை, முனகல் மெல்லியது, தாளில் மேடும் சின்னது. அவற்றில் ஐதரசன் சயனைட்டுத் துண்டு இருபதே மில்லிகிராம் இருந்தது. அது குடித்திருக்கக்கூடிய தண்ணீர் ஒன்றுக்குச் சற்று மேலே. நான் ஐந்தை எடுத்துவிட்டேன். இருபது பதினைந்தாகிவிட்டது. அதன் ஜோடி, காபனோரொட்சைட்டுத் துண்டு, நூற்று அறுபது. அதிலும் ஐந்துதான் எடுத்தேன், அதற்கு உறைக்கவே இல்லை. கழிக்காமல் விட்டிருந்தால் எட்டு மடங்கு. நான் எழுதி அனுப்பியது பத்துக்கு மேல்.

உண்மையில் எதையும் கழித்திருக்கவே வேண்டாம். ஒரே மழையில் நனைந்த இரண்டு துண்டுகள், இரண்டும் ஒரே விகிதத்தில்தான் கனத்திருக்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால் ஈரம் தானாக ஓடிப்போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் எழுதிப் போடுகிற விஷயம்.

அட்டவணையின் பிரதியை எடுத்துக் கழித்ததையெல்லாம் திரும்பக் கூட்டினேன். சாதுக்கள் பத்து மடங்கு. கொதிப்பவை எட்டு. ஆறும் அப்படித்தான், ஒன்று தப்பாமல். நடுவில் கொதிப்பு இருக்கிற இடத்தில் ஐதரசன் சயனைட்டு மற்ற இடத்தைவிடக் கூடத்தான் இருக்கிறது. நான் தேடியது அங்கேயே இருந்திருக்கிறது. அதை நானே, கணக்கப்பிள்ளை மாதிரி, "ஈரம், அஞ்சு" என்று வெட்டி எறிந்திருக்கிறேன். எந்த வெளிநாட்டுக்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதிக் காட்ட முடியாது.

அக்காவிடம் சொன்னேன். தப்பு என்றால் திருத்தி எழுத வேண்டும், எழுதினால் இடம் போனாலும் போகலாம் என்றேன். வேலை நேர்த்தி என்றுதானே இடமே தந்தார். அதோடு, அவர் நினைத்ததற்கு நேர்மாறாக வேறு எழுதப் போகிறேன்.

அவள் அடுப்புப் பக்கமிருந்து எழுந்து வந்தாள். "பைத்தியமாடி ஒனக்கு? வந்த கடுதாசியத் திருப்பிக் குடுப்பியா? ஊரெல்லாம் சொல்லிப்புட்டேன். கண்ணுக்கே தெரியாத எடத்துல வெசம் ஒரு சொட்டு கூடக் கெடந்தா என்ன, கொறையக் கெடந்தா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"கணக்கப்பிள்ளையும் அதத்தானக்கா சொல்றாரு. யாருக்குத் தெரியப் போகுதுன்னு."

சொன்ன உடனே ஏன் சொன்னோம் என்றிருந்தது. அவள் அடுப்புக்குத் திரும்பிப் போனாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் அந்த இரண்டு நாளும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைக்குப் போனேன், வந்தேன், படிவங்களைப் பார்த்தேன். நாட்டுரிமை என்ற இடத்தில் முதல் தடவையாக ஒரு நாட்டின் பெயரை எழுதியிருந்தேன். அதை அழிக்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போகும்போது அக்கா வாசலில் நின்று, "அந்தக் கணக்கு எழுதிட்டியா? எனக்குள்ளது" என்று கேட்டாள். மேசையில் உட்கார்ந்து அவளுக்கான தாளைத் தமிழில் முடித்தேன். அதே மூச்சில் பேராசிரியருக்கும் எழுதினேன். ஒரு பக்கம்தான். மழை நாளில் நிலையான ஒரு அளவைக் கழித்துவிட்டேன், சின்ன மேடுகளை அது தின்றுவிட்டது, சரியான அட்டவணை இத்துடன், இடத்தைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். இரண்டு தாளிலும் கணக்கு ஒன்றே. ஒன்றில் கிலோ, மற்றதில் மில்லிகிராம்.

அக்கா தன் தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். சாயந்திரம் திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

"பாத்தான். இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தான். தங்கச்சி கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னான். மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான்."

"பெறகு?"

"பெறகென்ன. ஈரம், ரெண்டுன்னான்."

நான் வந்து பேசுகிறேன், தோட்டத் துரையிடமே போகிறேன் என்று குதித்தேன். அவள் என்னைச் சலிப்போடு பார்த்தாள். "நீ ஒரு நாளைக்கி வந்து கத்திட்டு ஏரோப்பிளேன் ஏறிருவ. மறுநாளும் நாந்தான் கூடையத் தூக்கிட்டு அவன் முன்னால நிக்கணும்." நான் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இந்தக் கணக்கை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் அவளுடைய கொழுந்தில் படித்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் பேராசிரியரின் பதில் வந்தது. பாடசாலையிலிருந்து வரும் வழியில் வாங்கி, பிரிக்கத் தைரியம் இல்லாமல் வீடு வரைக்கும் கொண்டு வந்தேன். அன்று மழை விட்டு வெயில் அடித்தது. அக்கா மத்தியான நிறுவை முடிந்து கஞ்சி குடிக்க வந்திருந்தாள். அவள் முன்னாலேயே பிரித்தேன்.

உன் கணக்கு சரி. இங்கே இயந்திரத்தில் இரண்டு தாள்களை அளந்து பார்த்தோம், உன்னுடைய இரண்டாவது அட்டவணையோடு ஒத்துப் போகிறது. நான் நினைத்திருந்தது தவறு. இடம் உனக்கே, ஒக்டோபரில் சந்திப்போம். அடியில் ஒரு வரி: நிலையான அளவைக் கழிக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது, இங்கே யாருக்கும் புரியவில்லை.

தமிழில் சொன்னேன். அக்கா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒன் கணக்க ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாருக்கா."

"நீ நேர்ல போயிக் கத்தல. கடுதாசிதான் போட்ட."

"ஆமா."

"ஒரே கடுதாசி."

"ஒரே கடுதாசிதான்க்கா."

அவள் படங்கை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரி செய்துகொண்டாள். வாசலில் இறங்கியவள் நின்று, "அவரு நிறுக்கிற எடத்துல எனக்கும் ஒரு வேல இருக்குமான்னு கேட்டு எழுதேன்டி" என்றாள்.

நான் சிரிக்கப் போனேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.